புதிய மெட்டல் டிடெக்டர்: கடற்கரையிலும் பூங்காவிலும் கை பழகும்வரை எழும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் கையில் பிடித்து வீசும் சாதாரண வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகைக் கருவிகளுக்கானவை. ஒரே அதிர்வெண்ணில் இயங்குவதும், பல அதிர்வெண்களில் ஒருசேர இயங்குவதும் இதில் அடங்கும். பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி வேறு ரகம். தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைத் தொட்டிருக்கிறோம்.

பெட்டியைப் பிரித்துப் பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். முதலாவது, தண்டின் நீளம். நிமிர்ந்து நின்று, முழங்கை லேசாக மடங்கிய நிலையில், காயில் (தண்டின் நுனியில் உள்ள, உலோகத்தை உணரும் தட்டு) உங்கள் கால் விரல்களுக்கு ஓரடி முன்னால் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். குனிய வேண்டியிருந்தால் தண்டு குட்டை. வீசும்போது தோள் தூக்கினால் தண்டு நீளம். அரை மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

இரண்டாவது, காயிலிலிருந்து வரும் கேபிள். அதைத் தண்டைச் சுற்றி நெருக்கமாக, தொங்காமல் சுற்றி, வார்ப்பட்டையால் கட்டுங்கள். காயிலுக்கு அருகில் கேபிள் ஆடினால், ஆடும் ஒவ்வொரு முறையும் பொய் ஒலி வரும். ஆனால் காயிலோடு சேரும் இடத்தில் கேபிள் விறைத்து இழுபடக் கூடாது. காயிலை முன்னும் பின்னும் சாய்க்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும்.

மூன்றாவது, காயிலைத் தண்டோடு பிணைக்கும் போல்ட். கருவியோடு வந்த பிளாஸ்டிக் போல்ட்டையும் ரப்பர் வாஷரையும்தான் போட வேண்டும். அது தொலைந்துவிட்டது என்று இரும்பு போல்ட் போட்டால் கருவி அதையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள்ளேயே சோதித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பலன் இராது. தரைக்குள் கட்டுக்கம்பி, சுவருக்குள் மின்கம்பி, வைஃபை, எல்.இ.டி. விளக்கு என்று எல்லாம் சேர்ந்து கத்தும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் சில இப்படித்தான் திரும்பிப் போகின்றன. திறந்த வெளியில், ஆணி அடிக்காத பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் காயிலை நிறுத்தி வையுங்கள். சில்லறைக் காசு, மோதிரம், இரும்பு ஆணி, சோடா மூடி, கசக்கிய அலுமினியத் தாள், டின்னைத் திறக்கும் இழுப்பு வளையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக, காயிலுக்கு 10 செ.மீ. மேலே அசைத்துக் காட்டுங்கள். எந்தப் பொருளுக்கு எந்த ஒலி, எந்த எண் என்று ஒரு தாளில் குறியுங்கள். பொருளை அசையாமல் பிடித்தால் பல கருவிகள் மௌனமாக இருக்கும். அவை அசைவு இருந்தால்தான் பேசும்.

உங்கள் உடம்பில் உள்ள உலோகத்தையும் யோசியுங்கள். கடிகாரம், வளையல், இரும்பு முனை வைத்த காலணி, இடுப்பில் தொங்கும் மண்வாரி எல்லாமே கணக்கில் வரும். இது பழைய சிக்கல்தான். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியோடு போனார். குண்டு அகப்படவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தையில் எஃகுச் சுருள்கள் இருந்தன.

முதலில் போக வேண்டியது கடற்கரையா, பூங்காவா?

காய்ந்த மணல். அலை எட்டாத மேல்பகுதி. உப்பு ஈரம் இல்லை, புல் இல்லை, தோண்டுவது ஒரு அள்ளு. ஒரு மணி நேரத்தில் பூங்காவில் பத்துக் குழி தோண்டும் இடத்தில் இங்கே முப்பது தோண்டலாம். காது பழகுவது குழிகளின் எண்ணிக்கையால்தான். கையேட்டை எத்தனை முறை படித்தாலும் அது வராது. கையேட்டையும் படியுங்கள், ஆனால் முதல் நாளுக்கு முன் ஒருமுறை, பத்து மணி நேரம் வீசிய பிறகு மறுமுறை. இரண்டாம் முறைதான் அது புரியும்.

அமைப்புகளைத் தொழிற்சாலை வைத்தபடியே விடுங்கள். கடற்கரை நிரல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவே. பிறகு மாற்ற நினைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

திரையில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கருவிக்குத் தங்கம் எது, வெள்ளி எது என்று தெரியாது. காயில் ஒரு மாறுகின்ற காந்தப் புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்ப, அது எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கருவி அளந்து எண்ணாக மாற்றுகிறது. அந்தத் தாமதம் உலோகத்தின் கடத்துதிறனை மட்டும் சார்ந்ததல்ல. பொருளின் அளவு, தடிமன், வடிவம், கிடக்கும் சாய்வு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

அதனால்தான் மெல்லிய தங்க மோதிரம் அலுமினியத் தாளின் எண்ணில் வரும். கொஞ்சம் கனமானது இழுப்பு வளையத்தின் எண்ணில் வரும். ஆண்கள் அணியும் பட்டை மோதிரம் அதற்கும் மேலே போகும். வெள்ளிக் காசும் செம்புக் காசும் பொதுவாக அளவையின் உச்சியில் நிற்கும். இரும்பு அடியில் நிற்கும், எப்போதும் அல்ல. வட்டமான இரும்பு வாஷரும் துருப்பிடித்த தகடும் உச்சி எண்ணைக் காட்டும் வழக்கம் உண்டு.

தங்கச் சங்கிலி இன்னும் மோசம். மின்னோட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியாகச் சுழல்வதால், கருவியின் பார்வையில் அது சிறு சிறு கண்ணிகளின் வரிசை. பல சமயம் கொக்கி மட்டுமே கேட்கும். வெட்டுப்பட்டுத் திறந்த மோதிரமும் இப்படித்தான்: முழு வளையமாக இருந்தபோது கொடுத்த ஒலியில் பாதிகூடக் கொடுக்காது.

எண்ணைவிட, அது நிலையாக நிற்கிறதா என்பதைப் பாருங்கள். ஒரே இடத்தில் நான்கைந்து முறை வீசும்போது எண் ஓரிரண்டுக்குள் நின்றால் பொருள் முழுமையானது, ஆழம் குறைவு. நீங்கள் 90 பாகை சுற்றி வந்து குறுக்கே வீசினாலும் அதே ஒலி வந்தால் தோண்டுங்கள். ஒரு திசையில் இனிமையாகவும் மறு திசையில் கரகரப்பாகவும் இருந்தால் ஆணியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆழம் கூடக் கூட எண் தடுமாறும் என்பதையும் மறக்காதீர்கள். மிக ஆழத்தில் உள்ள நல்ல காசும் இரும்பைப் போலப் பேசும்.

குப்பையைத் தவிர்க்க டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகங்களை மௌனமாக்கும் அமைப்பை) ஏற்றி வைக்கலாமா?

இரும்பை மட்டும் நீக்கலாம். இழுப்பு வளையங்களை நீக்கினால் மோதிரங்களையும் சேர்த்தே நீக்குகிறீர்கள். கடற்கரையில் இது பெரிய இழப்பு.

எங்கள் பரிந்துரை: முதல் மாதம் இரும்பையும் ஒலிக்க விட்டு, அதைத் தாழ்ந்த சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள். மௌனமாக்கப்பட்ட இரும்பு மறைவதில்லை, உங்கள் காதுக்கு மட்டுமே மறைகிறது. அதன் பக்கத்தில் காசு கிடந்தால் இரண்டும் சேர்ந்து விழுங்கப்படும். இரும்பு ஒலி கேட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் ஆணிக்காடு என்று தெரிந்து, வேகத்தைக் குறைத்துச் சிறு வீச்சாக வீசுவீர்கள்.

சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) முழுதாக ஏற்றினால் ஆழம் கூடுமா?

அமைதியான இடத்தில் கூடும். இரைச்சலான இடத்தில் குறையும், ஏனென்றால் ஆழத்துக் காசின் மெல்லிய ஒலி அந்தச் சளசளப்பில் அமிழ்ந்துவிடும். காயிலைத் தரைக்குச் சற்று மேலே அசையாமல் பிடியுங்கள். அப்போதும் ஒலி வந்தால் அது மின்குறுக்கீடு: மின்கம்பி, நிலத்தடிக் கேபிள், உங்கள் சட்டைப் பையில் உள்ள செல்போன். நாய்ஸ் கேன்சல் வசதியை இயக்குங்கள் அல்லது அதிர்வெண்ணை ஒரு படி நகர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாக இறக்கி, சத்தம் நின்ற இடத்தில் விடுங்கள். அசையாதபோது அமைதி, வீசும்போது மட்டும் சத்தம் என்றால் குற்றவாளி தரைதான். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கிரவுண்ட் பேலன்ஸ் (தரை தரும் பொய் ஒலி அடங்கும்படி கருவியைச் சமன் செய்வது) எப்படிச் செய்வது? எத்தனை முறை?

உலோகம் இல்லாத ஓர் அடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காயிலைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, 3 செ.மீ. உயரத்துக்கும் 20 செ.மீ. உயரத்துக்கும் இடையே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். தானியங்கி என்றால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இதைச் செய்ய, ஒலி அடங்கும். கையால் சரிசெய்வதென்றால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒலி ஒன்றுபோல் இருக்கும்வரை எண்ணை மாற்றுங்கள்.

அடியில் ஆணி இருந்தால் கருவி அந்த ஆணிக்கே சமன் செய்துகொள்ளும். பிறகு நாள் முழுதும் எல்லாம் தவறாகப் போகும். முடிவு விசித்திரமாக இருந்தால் நாலடி தள்ளி மறுபடி செய்யுங்கள். காய்ந்த மணலிலிருந்து ஈர மணலுக்கும், மணலிலிருந்து மண்ணுக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் இது தேவை.

எவ்வளவு வேகமாக வீச வேண்டும்?

இடமிருந்து வலம் ஒன்றரை மீட்டர், சுமார் இரண்டு விநாடி. இது தொடக்கத்துக்கு, இரும்பு நிறைந்த இடத்தில் இன்னும் மெதுவாக. காயில் தரையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. உயரத்தில், வீச்சின் இரு முனைகளிலும் மேலெழாமல் போக வேண்டும். ஊஞ்சலைப் போல முனைகளில் தூக்கினால் அங்கே ஆழம் போய்விடும், கூடவே தரையின் பொய் ஒலியும் வரும். ஒவ்வொரு வீச்சுக்கும் காயிலின் பாதியளவு மட்டுமே முன்னேறுங்கள். உள்ளே இரண்டு டி வடிவச் சுருள்கள் கொண்ட டபுள்-டி காயில் முன்பின்னாக நீண்ட ஒரு குறுகிய பட்டையில் பார்க்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சுருள்கள் கொண்ட கான்சென்ட்ரிக் காயிலின் பார்வை கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும்; அதற்கு வீச்சுகள் இன்னும் நெருங்க வேண்டும்.

காய்ந்த மணலில் ஒழுங்காக இருந்தது, ஈர மணலில் ஓயாமல் கத்துகிறது. பழுதா?

இல்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈர உப்பு மணல் முழுவதும் கருவிக்கு ஒரு மெல்லிய அலுமினியத் தாள் விரித்ததுபோல் தெரிகிறது. ஒற்றை அதிர்வெண் கருவியை உப்புக்குச் சமன் செய்யலாம், அல்லது கருமணலில் உள்ள காந்தக் கனிமத்துக்குச் சமன் செய்யலாம். இரண்டும் கலந்திருந்தால் அதற்கு வழியில்லை. பல அதிர்வெண் கருவி, வெவ்வேறு அதிர்வெண்களில் வரும் விடைகளை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியோ துடிப்பை அனுப்பிவிட்டுச் சற்றுப் பொறுத்துக் கேட்கிறது. அதற்குள் உப்பின் எதிரொலி மடிந்துவிடும். ஆனால் அதற்கு இரும்பைப் பிரித்தறிவது கடினம். எல்லாவற்றையும் தோண்ட மனம் வேண்டும்.

உங்களிடம் ஒற்றை அதிர்வெண் கருவிதான் இருக்கிறது என்றால் செய்யக்கூடியவை:

- ஈர மணலிலேயே நின்று கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள்.
- சென்சிட்டிவிட்டியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கத் தயங்காதீர்கள்.
- காயிலை 5 செ.மீ. உயர்த்தி, அதே உயரத்தில் கொண்டுபோங்கள். உயரம் மாறுவதுதான் சத்தத்துக்கு முக்கியக் காரணம்.
- கரையோரமாக நடக்காமல், நீரை நோக்கி இறங்கியும் ஏறியும் நடங்கள். அப்போது காயிலின் வீச்சு நீர்விளிம்புக்கு இணையாக, ஒரே அளவு ஈரத்தின் மேலேயே போகும். கரையோரமாக நடந்தால் ஒவ்வொரு வீச்சும் ஈரத்தையும் காய்ந்ததையும் மாறிமாறித் தாண்டும்.
- அலை வந்து காயிலுக்கு அடியில் ஓடும் நொடிகளில் வீச்சை நிறுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அடங்காவிட்டால் மேல்மணலுக்குத் திரும்புவதுதான் வழி. மெல்லிய எண்களை நீக்கி அமைதியாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அமைதி வரும், சிறு தங்கமும் அந்த எண்களோடு போகும்.

கடற்கரையில் எந்த இடம், எந்த நேரம்?

காய்ந்த மணலில், மக்கள் உட்காரும், விளையாடும் பட்டை. படிக்கட்டு இறங்கும் இடம். பந்து வலைக்கம்பத்தின் அடி. இங்கே கிடைப்பவை அண்மையில் விழுந்தவை, ஆழம் குறைந்தவை.

கனமான பொருள்கள் ஈரப் பகுதியில் இருக்கின்றன. குளிக்கும்போது விரல் குளிர்ந்து சுருங்கி, மோதிரம் நழுவும் இடம் அதுதான். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்து, தாழ்நிலைக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், இறங்கும் நீரைப் பின்தொடர்ந்து இறங்குங்கள். நீர் திரும்பும்போது கூடவே ஏறிவாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால், மற்ற நாட்களில் நீருக்கடியில் இருக்கும் மணலும் வெளிப்படும்.

புயலுக்கும் பெருங்காற்றுக்கும் பிறகு மணல் அரித்துப்போய், கடினமான களிமண்ணோ கூழாங்கல்லோ தெரிந்தால் அங்கே முதலில் போங்கள். மணல் அசையும்போது கனமானவை இறங்கி, இறங்க முடியாத அந்தக் கடின அடுக்கில் தங்குகின்றன. கடல் எடைவாரியாகவும் அடுக்கும். தூண்டில் ஈயக்குண்டும் காசும் ஒரே பட்டையில் சேர்ந்து கிடைத்தால் நகராதீர்கள். மோதிரமும் ஏறத்தாழ அதே எடை வகைதான். வெறும் இழுப்பு வளையமும் அலுமினியத் துண்டும் கிடைக்கும் இடத்தில் புது மணல் மூடியிருக்கிறது என்று பொருள், வேறிடம் பாருங்கள்.

ஒலி வந்த இடத்தில் தோண்டினால் பொருள் பக்கவாட்டில் இருக்கிறது. ஏன்?

பொருளின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் பயிற்சி போதவில்லை. அதற்கென உள்ள பின்பாயின்ட் பொத்தானை, ஒலி வந்த இடத்திலிருந்து ஓரடி தள்ளி அழுத்தி, பிறகு பொருளை நோக்கி நகருங்கள். பொருளின்மேலேயே அழுத்தினால் சில கருவிகள் அதையே சூனியமாகக் கொண்டுவிடும். இதையே தந்திரமாகவும் பயன்படுத்தலாம்: பொருளுக்குச் சற்று அருகில் விட்டு மறுபடி அழுத்தினால் ஒலி வட்டம் சுருங்கி, மையம் கூர்மையாகும். முதலில் இடவலம், பிறகு முன்பின். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் இடம்.

டபுள்-டி காயிலில் பொத்தானே இல்லாமலும் முடியும். சிறு வீச்சாக வீசிக்கொண்டே பின்னோக்கி இழுங்கள். ஒலி சட்டென்று அறுபடும்போது பொருள் காயிலின் முன்நுனிக்கு நேர் கீழே இருக்கும்.

சோடா மூடியைத் தோண்டித் தோண்டி அலுத்துவிட்டது. அடையாளம் காண வழி உண்டா?

உறுதியான வழி இல்லை, உதவும் வழி உண்டு. மேலே சொன்னபடி காயிலைப் பின்னோக்கி இழுங்கள். எஃகு மூடி என்றால் விளிம்பில் இரும்பின் தாழ்ந்த ஒலியோ கரகரப்போ தலைகாட்டும். காசு கடைசிவரை சுத்தமாக ஒலித்து நிற்கும். சந்தேகம் இருந்தால் தோண்டுங்கள். மணலில் அதற்கு அரை நிமிடம்தான்.

பூங்காவில் புல் சாகாமல் தோண்டுவது எப்படி?

முதலில் அனுமதி. பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியை எடுக்கவே கூடாது. கண்டெடுத்ததைத் தெரிவிக்கும் கடமை நாட்டுக்கு நாடு வேறுபடும்; கடற்கரைக்கும் தனி விதி இருக்கலாம்.

பொருள் 5 செ.மீ.க்குள் இருந்தால் குழியே வேண்டாம். மழுங்கிய திருப்புளியால் பக்கத்தில் ஒரு கீறல் போட்டு நெம்பி எடுத்து, காலால் மூடுங்கள்.

ஆழம் அதிகமென்றால், கூர்மையான கைமண்வாரியால் மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளிக் குதிரை லாடம்போல் மூன்று பக்கம் வெட்டுங்கள். நான்காவது பக்கத்தை விடுங்கள். வெட்டு 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதைவிட மேலோட்டமாக வெட்டினால் வேர் அறுந்து, ஒரு வாரத்தில் பழுப்பு வட்டம் தெரியும். புல்கட்டியைக் கதவுபோல் மடக்கி, உதிரி மண்ணைத் துணியின்மேல் கொட்டுங்கள். எடுத்த பிறகு குழியையும் கட்டியையும் மறுபடி சோதியுங்கள். காசுகள் பலமுறை கூட்டாகக் கிடக்கும். மண்ணைத் திரும்பக் கொட்டி, கட்டியை மூடி, மிதித்து, இருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். வறண்ட கோடையில் வெட்டிய புல் பிழைப்பதில்லை, ஆகவே அந்த மாதங்களில் மணலுக்குப் போவது நல்லது.

நீண்ட கோடாக ஓடும் ஒலி குழாயோ கேபிளோ ஆகும். மண்வாரியை வைத்துவிடுங்கள்.

தோண்டியதும் ஒலி காணாமல் போகிறது. பொருள் எங்கே?

பெரும்பாலும் துருப்பிடித்த இரும்பு. துரு சுற்றியுள்ள மண்ணில் ஊறி, பொருளைப் பெரிதாகக் காட்டியிருக்கும். மண்ணைக் கலைத்ததும் அந்த மாயை கலைந்தது. இன்னொரு காரணம், பொருள் குழியின் சுவரில் செங்குத்தாகச் சரிந்து நிற்பது. விளிம்பைக் காட்டி நிற்கும் காசு பலவீனமாக ஒலிக்கும். ஈர மணலில், குழிக்குள் வழியும் நீரோடு பொருள் இன்னும் கீழே இறங்குவதும் உண்டு. பின்பாயின்டரால் (குழிக்குள் விட்டுத் தேடும் சிறு கைக்கருவியால்) குழிச் சுவரையும், துணியில் கொட்டிய மண்ணையும் தேடுங்கள். விரலில் மோதிரத்தோடு தேடாதீர்கள்.

பெரிய காயில் வாங்கினால் இரட்டை ஆழம் போகுமா?

போகாது. காயிலின் அளவைத் தாண்டிய தொலைவில், அனுப்பும் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. திரும்பி வருவதும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. 9 முதல் 11 அங்குலக் காயில் சாதாரண மண்ணில் ஒரு காசை 15 முதல் 20 செ.மீ. வரை கேட்டால் அது நல்ல வேலை. பெரிய காயில் பரப்பைக் கூட்டும், சற்று ஆழத்தையும் கூட்டும், சிறு பொருள்களையும் நெருங்கிக் கிடப்பவற்றையும் கோட்டைவிடும். குப்பை நிறைந்த பூங்காவுக்கு 6 அங்குலக் காயில்தான் கைகொடுக்கும்.

ஹெட்போன் அவசியமா?

அலைச் சத்தத்தில் அவசியம். வயர்லெஸ் என்றால் தாமதம் குறைந்த வகையாக இருக்க வேண்டும். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர்வதற்குள் காயில் பொருளைத் தாண்டிவிடும். நீங்கள் தவறான இடத்தில் தேடுவீர்கள். நீருக்கடியில் அந்த அலைவரிசை சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும், அங்கே கம்பிதான்.

குண்டு, எறிகணைபோல ஏதாவது கிடைத்தால்?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், கழுவிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, விலகிப்போய் காவல்துறைக்குச் சொல்லுங்கள். துருப்பிடித்திருப்பதால் ஆபத்து குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

கடலிலிருந்து வந்ததும் கருவியை எப்படிக் கழுவுவது?

காயில் நீர் புகாதது என்பதால் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அப்படியே என்று நினைக்காதீர்கள். கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். நீரில் இறங்கும் கருவியானாலும், ஹெட்போன் துளையின் மூடியும் பேட்டரி மூடியின் ரப்பர் வளையமும் மணல் இல்லாமல் இருந்தால்தான் அந்த உத்தரவாதம்.

அன்றே நல்ல தண்ணீரில், அழுத்தமின்றி, வழியவிட்டுக் கழுவுங்கள். பீய்ச்சும் குழாய் வேண்டாம். அது ரப்பர் வளையத்தைத் தாண்டி நீரை உள்ளே தள்ளும். தண்டுகளைத் தனித்தனியாகக் கழற்றி, பூட்டுகளில் உள்ள மணலை அலசுங்கள். எண்ணெய் போடாதீர்கள், மணல் அதில் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை பூட்டு இறுகிவிடும். காயிலின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியை மாதம் ஒருமுறையாவது கழற்றுங்கள். அதற்குள் தேங்கிய உப்பு மணல், காரணம் தெரியாத பொய் ஒலிகளைக் கொடுக்கும். நிழலில் உலர்த்தி, சார்ஜ் செய்யும் முனைகளைத் துடைத்துக் காய்ந்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள். சில மாதம் எடுக்கப்போவதில்லை என்றால், கழற்றும் பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதி நிறைவில் வையுங்கள்.